பக்கத்து வீட்டு நெங்கா கை அசைத்தார்

வெள்ளைக்காரர்களில் இரண்டு வகை என்பாள் கடைக்காரி சுமி. வந்து போகிறவர்கள் ஒரு வகை, வந்துவிட்டுப் போக மறந்தவர்கள் இன்னொரு வகை. பாலித் தீவின் கிழக்குக் கரையில், கறுப்புக் கூழாங்கல் கடற்கரையை ஒட்டிய அந்த மீனவர் ஊரில் இலோனா இரண்டாவது வகை. லாட்வியா நாட்டில், ரீகா நகரத்து விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். கல்யாணம் முறிந்த கையோடு ஒரு மாதம் ஓய்வெடுக்கலாமென்று வந்தாள். மடிக்கணினி இருந்தால் எங்கே உட்கார்ந்தும் வேலை பார்க்கலாம் என்று ஆனபின், திரும்பிப் போக அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன.

தான் மற்ற வெள்ளைக்காரர்களைப் போல இல்லை என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. சட்டையில்லாமல் ஸ்கூட்டரில் திரிகிறவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊர்க் கோயில் விழா வந்தால் சரோங் கட்டி, பூவேலைச் சட்டை போட்டு, இடுப்பில் மஞ்சள் கச்சை சுற்றி, பக்கத்து வீட்டு நெங்கா குடும்பத்தோடு ஒன்றாக நடந்து போவாள். படையல் கூடையைத் தலையில் சுமக்கவும் கற்றுக்கொண்டாள். ஒருமுறை கூடை சரிந்து பழமெல்லாம் தெருவில் உருண்டபோது நெங்காவின் மனைவி காடெக், "சாமியப் பாக்க நம்மள விட ஆப்பிளுக்குத்தான் அவசரம்" என்றாள். தெருவே சிரித்தது. இலோனாவும் சிரித்தாள். அன்றுதான் இந்த ஊர் தன்னைச் சேர்த்துக்கொண்டது என்று நினைத்தாள்.

நெங்கா மீன் பிடிக்கிறவர். அதிகம் பேசமாட்டார். காடெக் கடற்கரையில் உப்பு எடுத்துச் சந்தையில் விற்பாள். அவருக்கும் காடெக்குக்கும் ஒரே மகள், ரெஸ்மி. மருமகன் சுதர்மா ஏதோ ஒரு சுற்றுலாக் கப்பலில் அறை துப்புரவு செய்கிறான். எட்டு ஒன்பது மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில் என்று அவன் வாழ்க்கை. ரெஸ்மி முழுகாமல் இருந்ததால் அம்மா வீட்டில் இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில் சுவர். அந்தத் தெருவில் கார் இருந்தது இலோனாவிடம் மட்டும்தான். பழைய கார். விழாவுக்குப் பன்றி ஏற்ற, மூங்கில் ஏற்ற என்று நெங்கா வந்து கேட்பார். அவளும் சந்தோஷமாக ஓட்டிப்போவாள்.

இந்த வாழ்க்கையைப் பற்றியே அவள் ஒரு வகுப்பு நடத்திவந்தாள். தீவுக்குக் குடிவர நினைக்கும் ஐரோப்பியர்களுக்குக் கணினி வழியாகச் சொல்லித்தரும் வகுப்பு. வாடகை, விசா எல்லாம் மற்றவர்கள் சொல்லுவார்கள். ஊர்க்காரர்களோடு ஒட்டி வாழ்வது எப்படி என்பதுதான் அவள் பாடம். தீவுக்காரர்கள் மனசில் உள்ளதை முகத்தில் காட்டமாட்டார்கள், துக்கம் வந்தாலும் அந்நியர் முன்னால் சிரிப்பார்கள் என்றெல்லாம் அழகாகச் சொல்லுவாள்.

அன்று மத்தியானம் சுள்ளென்று வெயில் அடித்தது. தோட்டத்துக் கூரையடியில் உட்கார்ந்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தம் உள்ளே வராத பெரிய ஹெட்ஃபோன் தலையில் இருந்தது. சேவல், நாய், பக்கத்து வீட்டு ரேடியோ எதுவும் அதில் கேட்காது. அதற்காகவே வாங்கியது.

அப்போது நெங்கா கேட்டருகே வந்து நின்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்ததும் அவர் சிரித்தார். இலோனாவுக்கு ஒரே குதூகலம். பாடத்துக்கு உதாரணமே நடந்து வந்து நிற்கிறதே. மடிக்கணினியைத் தூக்கி அவர் பக்கம் திருப்பினாள். "இவர்தான் நான் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர். இங்கே யாரும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு வரமாட்டார்கள். சும்மா வந்து நிற்பார்கள், அவ்வளவுதான்" என்றாள். திரையில் இருந்த முகங்கள் எல்லாம் கை அசைத்தன. நெங்கா ஒரு கணம் திகைத்தார். பிறகு அவரும் சிரித்துக்கொண்டே கை அசைத்தார்.

அவர் உதடு ஏதோ சொன்னது. கார் என்ற சொல் மட்டும் வாயசைவில் புரிந்தது. மறுநாள் கோயில் விழா. மூங்கில் ஏற்றத்தான் கேட்கிறார் என்று இலோனா நினைத்துக்கொண்டாள். ஒற்றை விரலைக் காட்டி, "கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்றாள். அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அடுத்தமுறை அவள் பார்த்தபோது கேட்டருகே யாரும் இல்லை.

வகுப்பு முடிந்ததும், பதிவில் நெங்கா கை அசைத்த துண்டை மட்டும் வெட்டித் தன் இணையப் பக்கத்தில் போட்டாள். 'இந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இந்தத் தீவில் இருக்கிறேன்' என்று மேலே எழுதினாள். பார்த்தவர்கள் இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளினார்கள். அந்த மகிழ்ச்சியில் நெங்காவை மறந்தே போனாள். சாயங்காலம் நினைவு வந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் ஆளில்லை. கோயில் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை குளித்து, புதுச் சட்டை போட்டு, காதோரம் பூ வைத்து, கூடையோடு நெங்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். கூப்பிட்டாள். பதில் இல்லை. எதிரே கடையில் சுமி வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"சுமி அக்கா, இவங்க எனக்கு முந்தியே கோயிலுக்குப் போயிட்டாங்களா?"

சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தக் கோயிலுக்குப் போவாங்க? தீட்டு வீடு. உங்களுக்குத் தெரியாதா, மிஸ்?"

"தீட்டா? யாரு?"

"ரெஸ்மி பிள்ள. ஆம்பளப் பிள்ள. ஆஸ்பத்திரி போய்ச் சேந்தப்ப மூச்சு இல்ல." சுமி கரண்டியால் எண்ணெயைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "நேத்து மத்தியானம் திடீர்னு ரத்தமாப் போயிருக்கு. ஊருல இருந்த ஒரே லாரியும் பூ ஏத்தப் போயிருச்சு. பைக்குல உக்கார வைக்க முடியல. படகுல படுக்க வச்சு முனையச் சுத்திக் கொண்டு போனாங்க. அலை வேற."

இலோனாவின் தலையில் இருந்த கூடை ஆடியது. கீழே இறக்கி வைத்தாள்.

"எங்கிட்ட வந்தாரு" என்றாள்.

"வந்தது ஊருக்கே தெரியுமே. படத்துல நல்லாத்தான் விழுந்திருக்காரு." சுமி வாழைக்காயை எடுத்து வடிய வைத்தாள். "கப்பல்ல இருக்குற சுதர்மாவுக்கு மொதல்ல வந்தது உங்க படம்தான். மாமனாரு சிரிச்சிக்கிட்டு கை ஆட்டுறாரு, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நெனச்சிருக்கான். பொறவுதான் அவனுக்குப் போன் போச்சு."

இலோனா வீட்டுக்குள் ஓடி அந்தப் படத்தை அழித்தாள். அழிக்கும் முன் ஒருமுறை பார்த்தாள். நெங்கா சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். ஒரு கை கேட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. எத்தனையோ பேருக்குத் தான் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தப் பாடமே எதிரே வந்து நின்றபோது கணினியைத் திருப்பி வேடிக்கை காட்டியிருக்கிறாள். பூவேலைச் சட்டையோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்தாள். சட்டையைக் கழற்றக்கூட வெட்கமாக இருந்தது. போட்டிருப்பதற்கும் வெட்கமாக இருந்தது.

முக்குளிப்புப் பள்ளி நடத்தும் புருனோ என்ற இத்தாலிக்காரன் அவளுக்கு நெருங்கிய சிநேகிதன். விஷயம் கேட்டு இரண்டு நாள் கழித்து வந்தான்.

"அவரு வாயத் தொறந்து கத்தியிருக்கலாம்ல? கத்தலன்னா அது உன் தப்பா?" என்றான். "இப்படியே உக்காந்திருந்தா பைத்தியம்தான் பிடிக்கும். தாய்லாந்துல என் கூட்டாளி வீடு காலியா கெடக்கு. கொஞ்ச நாள் அங்க போய் இரு. எல்லாம் ஆறிடும்."

அவன் போனபின் இலோனா பெட்டியை எடுத்து அடுக்கவும் தொடங்கினாள். அத்தனை வருட வாழ்க்கை ஒரு பெட்டியிலும் ஒரு பையிலும் அடங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் கை நின்றது. போவது இவ்வளவு சுலபமா? நெங்கா எங்கே போவார்? பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

நெங்கா திண்ணையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். "வாங்க மிஸ், உக்காருங்க" என்று பாயைத் தட்டிப் போட்டார். காடெக் மூக்கை உறிஞ்சிக்கொண்டே காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள். துக்க வீட்டில் தனக்குக் காபி.

மன்னிப்புக் கேட்க அந்த ஊர்ப் பேச்சில் இலோனாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். தெருவில் யாரையாவது இடித்துவிட்டால், காபி சிந்திவிட்டால் சொல்லுகிற சொல். அதையே சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். இத்தனை வருடத்தில் கடையில் பேரம் பேசவும் சமையலைப் புகழவும் கற்றுக்கொண்டவளுக்கு அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

"நீங்க அழாதீங்க" என்றார் நெங்கா. "வேலை நேரத்துல வந்து நின்னது என் தப்பு. நெறைய பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

உள்ளே கதவு திறந்தது. ரெஸ்மி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா சொல்றத நம்பாதீங்க. அவரு எல்லாத்துக்கும் தன் தப்புன்னுதான் சொல்லுவாரு" என்றாள். "நான் இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் கெடந்து கத்துனேன். தெருக்கோடியில கேட்டுச்சாம். உங்களுக்குக் கேக்கலயா?"

"காதுல மாட்டியிருந்தேன்" என்றாள் இலோனா.

"எப்பவும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்க."

"ரெஸ்மி" என்று காடெக் அதட்டினாள்.

"என்னம்மா ரெஸ்மி? காருல போயிருந்தா பிள்ள பொழச்சிருக்குமான்னு டாக்டரக் கேட்டேன். சொல்ல முடியாதுங்குறாரு. பொழச்சிருக்காதுன்னாவது சொல்லியிருக்கலாம்." அவள் சுவரில் சாய்ந்தாள். "இனி எனக்கு ஆயுசு பூரா இதே நெனப்புதான். நீங்க ஊருக்குப் போயிருவீங்க."

கதவு சாத்திக்கொண்டது. இலோனா காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள். வாசலைத் தாண்டும்போது நெங்கா பின்னால் வந்து அவள் விட்டுப்போன செருப்பை எடுத்துக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு வீடு போய்ச் சேர்ந்தாள்.

ஊருக்குப் போகவில்லை. ரெஸ்மி அப்படிச் சொன்னதாலா, வேறு எதனாலா என்று அவளுக்கே தெரியாது. அடுத்த வகுப்பில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். உங்களையே நீங்கள் மன்னிக்கப் பழகுங்கள் என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். நீங்கள் எவ்வளவு நல்லவர் என்று இன்னொருவன் எழுதினான். தன் வெட்கத்தையும் ஒரு பாடமாக்கிவிட்டோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது. அந்த வகுப்பை அதோடு நிறுத்திவிட்டாள். வயிற்றுப்பாட்டுக்குப் பழையபடி யாரோ ஒரு கம்பெனிக்கு விளம்பரம் வரைந்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா ஒருத்தியிடம் மொழி படிக்கப் போனாள். நாற்பது வயதுக்கு மேல் நாக்கு வளைய மறுத்தது.

நெங்கா அப்புறம் கார் கேட்டு வரவே இல்லை. பார்த்தால் சிரிப்பார், ஒதுங்கி வழிவிடுவார். அந்த மரியாதையைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றிருக்கும். அடுத்த கோயில் விழாவுக்கு ஊரே நடந்து போனபோது, தன்னை யாரும் கூப்பிடாததால் அல்ல, கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் காலையில் கேட்டைப் பலமாகத் தட்டும் சத்தம். காடெக் நின்றாள், பின்னால் இரண்டு மூட்டை உப்பு.

"கார் ஓடுமா, துருப்பிடிச்சிப் போச்சா?" என்றாள். "சந்தைக்குப் போகணும். பஸ்ஸுக்காரன் மூட்டைய ஏத்தமாட்டேங்குறான்."

இலோனா சாவியைத் தேடி எடுத்தாள். மூட்டைகளை ஏற்றினார்கள். ரெஸ்மியும் வந்தாள். யாரையும் பார்க்காமல் பின்சீட்டில் ஏறி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளைவுகளில் இலோனா ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினாள். "என்ன, சவ ஊர்வலமா போறோம்? நல்லா அழுத்து" என்று காடெக் அதட்டினாள்.

நகரத்துக்குள் நுழைந்ததும் ஆஸ்பத்திரி வந்தது. வாத்தியாரம்மாவிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த வாக்கியங்கள் இலோனாவின் நெஞ்சில் வரிசையாக நின்றன. எந்தப் பிழையும் இல்லாத வாக்கியங்கள். ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல முகமில்லை.

"அவ உங்கிட்ட பேசமாட்டா" என்றாள் காடெக், மகள் காதில் விழும்படியாகவே. "வற்புறுத்தாத. அது அவ பாடு. எனக்கு உப்பு விக்கணும், உங்கிட்ட கார் இருக்கு. சந்தைல எடது பக்கம் நிறுத்து, வலது பக்கம் போலீஸ்காரன் நிப்பான்."

இலோனா இடது பக்கம் நிறுத்தினாள். ரெஸ்மி இறங்கி, ஒரு மூட்டையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் நடந்தாள். மற்ற மூட்டையின் ஒரு முனையைக் காடெக் பிடித்தாள். மறு முனையை இலோனா பிடித்தாள்.