பெரிய வீட்டு வாசலில் நின்ற பஸ்

மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கம் போக என்ன வழி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் போனது 1962 ஜூனில், எஸ்.எஸ்.எல்.சி. தேறிய கையோடு. ஸ்ரீரங்கத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு ஆள் எடுத்தார்கள். காலை பத்து மணிக்கு நேர்முகம். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதை எதற்கு என்று தோன்றினால் நேரே கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

அப்போது எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே பஸ், ஆறு மணிக்கு. அதில் மணப்பாறை போய் ஏழரை மணி பாசஞ்சரைப் பிடித்தால் ஒன்பதுக்குள் திருச்சி ஜங்ஷன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஆறு மைல். கட்டணமெல்லாம் நினைவில் இல்லை, கூட வந்த அப்பா கொடுத்தார்.

பஸ் ஆறு மணிக்குக் கிளம்பித் தெருக்கோடியிலேயே நின்றுவிட்டது. அது பெரிய வீட்டு வாசல். அந்த வீட்டுக்காரரின் நிலத்தைத்தான் அப்பா குத்தகைக்கு உழுதார். அவர் குளித்துக்கொண்டிருந்தாராம்.

"ரயில் போயிடுங்க, வண்டிய எடுங்களேன்" என்றேன் கண்டக்டரிடம்.

"ஐயா வராம எடுத்தா நாளைக்கு எனக்கு வேலை இருக்காதும்மா."

அப்பா என் கையை அழுத்தினார். "சும்மா இரு. வந்துடுவாங்க."

முக்கால் மணி நேரம். பஸ் நிறைய ஆட்கள் காத்துக் கிடந்தோம். வெற்றிலையை மென்றபடி ஏறிய பெரிய வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார். "பொண்ண எங்கப்பா அழைச்சிட்டுப் போற?"

"ரெங்கநாதரைக் கும்பிடத்தாங்க" என்றார் அப்பா. தன் மகள் டீச்சராகப் போகிறாள் என்று அவரிடம் சொல்ல அப்பாவுக்கு நா எழவில்லை.

"அப்ப ஒண்ணும் அவசரமில்ல" என்றவர், வழியில் ரைஸ் மில்லிலும் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பேசிவிட்டு வந்தார். மணப்பாறையில் நாங்கள் ஓடிப்போய் நின்றபோது பாசஞ்சரின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. வேறு பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் சேர உச்சிவேளை ஆகிவிட்டது.

"ஆள் எடுத்து முடிச்சாச்சும்மா. அடுத்த வருஷம் வாங்க" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. அடுத்த வருஷம் என் வயிற்றில் குழந்தை இருந்தது.

இப்போது நாலுவழிச் சாலை வந்துவிட்டது. பக்கத்துத் துவரங்குறிச்சியிலிருந்து திருச்சிக்கு அடிக்கடி பஸ், அங்கிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வழியாக ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ். யார் வீட்டு வாசலிலும் நிற்பதில்லை. பெரிய வீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அப்பா மேல் உள்ள கோபம்தான் அவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆறவில்லை. பரீட்சை, நேர்முகம் என்று போகிறவர்கள் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். எதற்குப் போகிறீர்கள் என்று வழியில் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள்.