சீர்வரிசையில் போன நான்கு பெட்டிகள்

போன ஆவணியில் ஒருநாள் தட்சிணாமூர்த்தி அண்ணன் என் வச்சிரச் சட்டியைத் தூக்கிக் கடைக்கு வெளியே வைத்தார். வச்சிரம் என்பது, கெட்டி அட்டை ஒட்டுவதற்கு நான் காய்ச்சுகிற தோல் பசை. "ஷஹனாஸ், அந்த வாட தாங்கல. இனிமே ஃபெவிகால்லயே ஒட்டு" என்றார். பதினோரு வருஷமாக அதே வாடையில் உட்கார்ந்து டைப் அடித்த மனுஷன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுநாள் சட்டியை மறுபடி உள்ளே வைத்தேன்.

அண்ணாமலை நகரில் மாணவர்களின் ஆய்வேடுகளை அவர் டைப் அடிப்பார், நான் பைண்டிங் போடுவேன். கடை அவருடையது. கல்யாணம் செய்துகொள்ளாமல், செத்துப்போன அக்காவின் மகள் ஸ்ரீமதியை வளர்த்து ஆளாக்கினவர். அது போக அவருக்கு இருந்த ஒரே ஆசை தேனீ. வீட்டுக் கொல்லையில் நான்கு பெட்டி இத்தாலித் தேனீ வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொட்டு வாங்கி, திங்கட்கிழமை வீங்கின கண்ணோடு வருவார். "தேனீ கொட்டுனா மூட்டுவலி வராது" என்பார். வராத மூட்டுவலிக்கு இத்தனை மருந்தா என்று கேலி செய்வேன்.

ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மார்கழியில், தேனீக்களுக்கு வரும் புழு அழுகல் நோயைப் பற்றி ஒரு மாணவி ஆய்வேடு கொண்டுவந்தாள். எந்தெந்த நாடு அதை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் முழுக்க. அண்ணன் அடித்துக்கொண்டே எனக்குப் படித்துக் காட்டினார். நியூசிலாந்தில் நோயைக் கண்டவர் ஏழு நாளைக்குள் தகவல் சொல்லி, பெட்டியோடு எரித்துவிட வேண்டும். இங்கிலாந்தில் இன்ஸ்பெக்டர் வந்து, எந்தப் பெட்டியையும் இடம் மாற்றக் கூடாது என்று தடை போட்டுவிட்டு, குழி வெட்டிக் கொளுத்துவார். ஜெர்மனியில் சுற்றுவட்டாரத்துக்கே தடை. அமெரிக்காவில் மருந்து கொடுப்பதும் உண்டு. ஆனால் மருந்து நோயை அடக்கி வைக்குமே தவிர, அதன் வித்தைக் கொல்லாது. அந்த வித்து மரப்பெட்டியில் நாற்பது வருஷம்கூட உயிரோடு கிடக்குமாம்.

"நம்ம நாட்டுல என்னாண்ணே?" என்று கேட்டேன்.

"சட்டத்துல நோயோட பேரு இருக்கு. என் கொல்லைக்கு யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்று சிரித்தார்.

நோயைக் கண்டுபிடிக்கும் வழியும் அதில் இருந்தது. அடையில் மூடியிருக்கும் அறைக்குள் தீக்குச்சியை விட்டு இழுத்தால், செத்த புழு பழுப்பு நூலாக நீண்டு வரும். வச்சிர வாடை அடிக்கும். அந்தப் பக்கத்தை அடித்த சில நாளில் அண்ணன் படித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டார். வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

தையில் ஸ்ரீமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இளவரசுக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் முந்திரித் தோப்பு. அவரிடமும் பன்னிரண்டு பெட்டி தேனீ இருந்தது. தன் நான்கு பெட்டியும் தாய்மாமன் சீர் என்று அண்ணன் நிச்சயத்தன்றே சபையில் சொல்லியிருந்தார். சொன்னபடி பெட்டிகளைத் துடைத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பித்தளைக் குடத்தோடும் வாழைத்தாரோடும் வேனில் ஏற்றினார். மஞ்சள் தடவின பெட்டிக்கே திரும்பத் திரும்பத் தடவினார். பெண்ணைப் பிரிகிற கலக்கம் என்று நினைத்து நானும் அழுதேன்.

ஒரு வருஷம் போனதும் ஸ்ரீமுஷ்ணத்தில் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பதினாறில் மிஞ்சியது இரண்டு. மாமியார் மங்கலம் கெட்டவர் இல்லை. ஆனால் பத்து வருஷமாக நன்றாக இருந்த தேனீ, மருமகள் வந்த பிறகு சாகிறது என்றால் யாரைச் சொல்வார்? "வந்த ராசி" என்றார். ஊரும் அதையே சொன்னது. ஸ்ரீமதி போனில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். பிறகு சிரிப்பும் நின்றது. பிறகு போனும் நின்றது.

அதற்கப்புறம்தான் அண்ணன் ஒரு மாதிரி ஆனார். ஃபேனை நிறுத்திவிட்டு, "இன்னும் கேக்குதா பாரு, ரீங்காரம்" என்பார். எனக்கு எதுவும் கேட்காது. சட்டியை வெளியே வைப்பார், நான் உள்ளே வைப்பேன். ஒரு மத்தியானம் நான் தொழுதுவிட்டு வரும்போது, அவர் என் சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். தீக்குச்சியைப் பசைக்குள் விட்டு மெல்ல இழுத்தார். பழுப்பு நூல் நீண்டது. அறுந்தது. மறுபடி விட்டார்.

"அண்ணே!"

"பொட்டியிலயும் இப்படித்தான் வந்துச்சு, ஷஹனாஸ். கல்யாணத்துக்கு முன்னயே."

என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "அந்தப் புள்ள ராசி கெட்டவள்னு பேரெடுத்துகிட்டு நிக்குது. நீங்க இங்க என் சட்டிய வெளிய வெச்சுகிட்டு ஒக்காந்திருக்கீங்களா?"

"நாப்பது வருஷம் கெடக்குமாம். அவளுக்கு அறுபத்தஞ்சு வயசு ஆவும். அப்பவும் அந்த மரத்துல இருக்கும்" என்றார். அவரைத் திட்டினேனே தவிர, எனக்கும் அன்று தூக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். காலிப் பெட்டிகளை இளவரசு தோப்பில் அடுக்கி வைத்திருந்தார். புதுத் தேனீ வாங்கி அவற்றிலேயே விடப்போகிறாராம். நான்கு பெட்டியில் மஞ்சள் இன்னும் லேசாகத் தெரிந்தது. அண்ணன் உயிரோடிருந்த பெட்டி ஒன்றைத் திறந்து, தீக்குச்சியை விட்டு இழுத்துக் காட்டினார். "இது நான் குடுத்த சீருல வந்த நோவு. எம்பொண்ணு ராசி இல்ல. பதினாறையும் எரிச்சுடணும்" என்றார்.

"மஞ்ச தடவி வந்த சீர யாராவது கொளுத்துவாங்களாண்ணே? வீட்டுக்கு ஆவுமா?" என்று மங்கலம் பதறினார்.

ஸ்ரீமதி அவரைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும் மாமா?"

பிறகுதான் தெரியும் என்று சொல்லிவிடுங்கள் அண்ணே என்று என் மனசு கெஞ்சியது. ஒரு பொய்தான், அவர் தப்பித்துவிடலாம்.

"வேன்ல ஏத்துறதுக்கு மூணு வாரம் முன்னாடி" என்றார். "சபையில சொன்ன சீரு. நிறுத்துனா உன்ன என்னா சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன்மா."

"சொல்லிட்டாங்க மாமா. சொல்லிகிட்டேதான் இருக்காங்க."

இளவரசு மண்வெட்டியை எடுத்தார்.

பொழுது சாய்ந்து, வெளியே போன தேனீக்கள் திரும்பிய பிறகு, அந்த இரண்டு பெட்டிகளின் வாசலை அடைத்துப் பெட்ரோல் ஊற்றினார்கள். உள்ளே இரைச்சல் ஒரு முறை ஓங்கி, நின்றுபோனது. பதினாறும் குழிக்குள் இறங்கின. மெழுகு நன்றாக எரிந்தது. என் மனசு ஆறவில்லை.

மங்கலம் வெகுநேரம் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் பசு கன்று போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. அந்தக் கன்றை ஸ்ரீமதி ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்று அவள்தான் என்னிடம் சொன்னாள். யாரும் தடுக்கவில்லையாம். இவளுக்கே பயமாம், தொட்டால் செத்துவிடுமோ என்று.

"ஸ்ரீமதி, அந்தக் கன்ன அவுத்து ஊட்ட விடும்மா" என்றார் மங்கலம், திரும்பிப் பார்க்காமலேயே.

அவள் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, கடைசியில் கன்றின் நெற்றியில் வைத்தாள். அது தலையை ஆட்டிவிட்டு மடிக்கு ஓடியது. அவள் வாய்விட்டு அழுதாள்.

சோறு வடித்ததும் ஸ்ரீமதி வந்து, "வாங்கக்கா, சாப்புடலாம்" என்று என்னைக் கூப்பிட்டாள். அண்ணன் குழி ஓரமாகவே நின்று மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.