தலைமாட்டுக் கால்

மகளின் குழந்தைக்கு நானும் என் மச்சானும் சேர்ந்து மரக்கட்டில் செய்தோம். சேர்ந்து என்று பேர்தான், ஆளுக்குப் பாதி. கட்டில் காலையும் சட்டத்தையும் இணைக்கிற மர ஆணிகளில் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. அவன் புதிதாக வாங்கிய சின்ன லேத்தில் கடைந்தான். நான் மரத்தைப் பிளந்து, துளை போட்ட பழைய இரும்புத் தகட்டில் வைத்து, துளை வழியே உருண்டையாக வரும்படி சுத்தியலால் அடித்து இறக்கினேன். எட்டாவதோடு பள்ளியை விட்டபின் கை பழகிய வேலை அது. மெஷின் வேகத்தில் தப்பு நடந்தால் கண்ணுக்கே தெரியாதே என்று எனக்குப் பயம்.

அதனால்தான் குழந்தையின் தலை வரும் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். கால்மாடு அவனுக்கு.

மலைமேல் எங்கள் ஃபெர்ன்ஹில் ஈரத்தில் மரம் சும்மா இருக்காது. ஆணிகளை அடுப்புக்கு மேலே பலகையில் காயப்போட்டேன். வற்றிய ஆணி துளைக்குள் போய் ஈரம் குடித்து ஊதினால்தான் பிடிக்கும். ஒரு நாள் போதும் என்பார்கள். போதுமா போதுமா என்று வாரம் முழுக்க விட்டுவிட்டேன். அப்போதும் மனசு ஆறாமல், தடித்ததாகப் பொறுக்கி, கொட்டாப்புளி மரச்சுத்தியலால் துளைக்குள் அடித்தேன்.

"மாமா, ஆணி அடிக்கறீங்களா, கம்பம் நடறீங்களா?" என்றான் மச்சான்.

"நீ லேத்துல கடைஞ்ச உன் சாக்பீஸைப் பாரு."

மகள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வரும் நாள். இரண்டு நாளாக மூட்டம் ஜன்னலுக்குள்ளேயே நின்றது. "ஏனுங்க, பர்லியாறு வந்துட்டாங்களாம்," என்றாள் மனைவி, போனைக் காதிலிருந்து எடுக்காமல். அப்போதுதான் கட்டிலில் டிக் என்று ஒரு சத்தம். சுள்ளி ஒடிந்த மாதிரி.

குனிந்து தடவினேன். மச்சான் போட்ட கால்கள் அப்படியே இருந்தன. தலைமாட்டுக் காலில், என் ஆணி போன இடத்திலிருந்து கீழ்நோக்கி நகம் நுழைகிற அளவு வெடிப்பு. ஆணி ஊதிவிட்டது. ஊத இடம் விடாமல் நான்தான் அடைத்திருந்தேன்.

மச்சான் கேலி பண்ணவில்லை. "பசையை ஊத்தி கிளாம்ப் போட்டு இறுக்குனா தெரியாதுங்க மாமா. பச்சக் குழந்தை என்ன எடை இருக்கப்போகுது?"

போதும் போலத்தான் எனக்கும் இருந்தது. மகள் வந்ததும் முதலில் கட்டிலைத்தான் கேட்பாள்.

"குன்னூர் தாண்டியாச்சாம்," என்றாள் மனைவி.

தலைமாட்டுச் சட்டத்தில் முழங்காலை வைத்து மெல்ல அழுத்தினேன். வெடிப்பு வாய் திறந்தது.

"பிடிடா, பட்டறைக்குத் தூக்கு," என்றேன்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் மனைவி ஸ்டூலில் ஏறி, விட்டத்துக் கொக்கியில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டியிருந்தாள். வாசலில் கார் நின்றது. மகள் குழந்தையை அணைத்தபடி உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள்.

"கட்டில் எங்கப்பா?"

"என் பக்கம் வெடிச்சுப்போச்சு கண்ணு. வேற கால் போடணும்."

"புதுக் காலுக்கு ஆணி யாருதுங்க மாமா?" என்றான் மச்சான்.

"நீயே கடை. நான் பக்கத்துல நிக்கறேன்."

"நீங்க நின்னு பாக்கறதுக்கு, உங்களாட்டம் நானே பிளந்து அடிச்சுக்கலாம்," என்றான்.

மகள் தூளியை நோக்கி நடந்தாள். "இரு கண்ணு," என்று முந்திப் போய், சேலையை இரண்டு கையாலும் பற்றிக் காலை மடக்கித் தொங்கினேன். கொக்கி முனகியது.

"உங்க எடைக்கா கட்டுனேன்?" என்றாள் மனைவி.

தாங்கியது. இறங்கி வழிவிட்டேன். மகள் குழந்தையைக் கிடத்தினாள். தூளிக்கு அடியில் நீட்டிய கையை நான் எடுக்கவில்லை.