கம்பி கட்டிய நீல நாற்காலி

பத்து வருடங்களுக்கு முன், சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டியிருந்த ஒரு சந்தில் நடந்தது இது. குழந்தைகள் நலனுக்கான ஓர் அமைப்பில் நான் அப்போது களப்பணியாளர். பெற்றோர் இல்லாத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து, பிள்ளை அங்கேயே இருக்கலாமா, மாத உதவியும் டியூஷனும் கொடுத்தால் போதுமா, இல்லை ஏதாவது இல்லத்தில் சேர்க்க வேண்டுமா என்று அறிக்கை எழுதுவது என் வேலை. மயிலாப்பூரிலிருந்து தினமும் கஞ்சி போட்ட புடவையும் தோள்பையுமாகக் கிளம்புவேன். என்னைப்போல் கறாராக எழுத ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு.

அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயது. அம்மா இறந்துவிட்டாள், அப்பா எங்கே என்று தெரியாது. சித்தியோடு இருந்தாள். சித்தி தி.நகரில் இரண்டு வீடுகளில் வேலை செய்தாள். காலை ஆறு மணிக்குப் போனால் திரும்பி வர இருட்டிவிடும். முதல் தடவை போனபோது என்னை ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒரு கால் விரிசல் விட்டு, செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. உங்களுடையதுதானே என்று கேட்டேன், ஆமாம் என்றாள். படிவத்தில் ‘நாற்காலி ஒன்று’ என்று எழுதிக்கொண்டேன். பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றதற்கு, “அல்லாரும் பாத்துக்குவாங்க மேடம்” என்றாள். இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் எனக்குப் பிடிக்காது. எல்லாரும் என்றால் ஒருவரும் இல்லை என்றுதான் அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் அதே சந்தில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கேயும் ஒரு நீல நாற்காலி. உட்காரும்போது காலைப் பார்த்தேன். அதே செம்புக் கம்பி!

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு நாற்காலியை வைத்துச் சித்தி என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்றால், குழந்தையைப் பற்றிச் சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கும்? அடையாறில் ஒரு நல்ல இல்லத்தில் அப்போது இடம் காலியாக இருந்தது. ஆளுக்கொரு கட்டில், புத்தக அறை, விளையாட மாமர நிழல். சிறுமியை அங்கே சேர்க்கலாம் என்று அன்றே பரிந்துரை எழுதிவிட்டேன். எங்கள் அமைப்பில் முடிவெடுக்கும் குழுவின் முன் அதை வைக்க இரண்டு நாள் இருந்தது. ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்து, கையும் களவுமாகப் பிடித்துவிட்டு வரலாமே என்று கிளம்பினேன்.

பள்ளி விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. வீடு பூட்டியிருந்தது. சிறுமியைக் காணவில்லை. அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், சிறுமி பெயரைச் சொல்லிக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லையே என்றாள். பெட்டிக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெரியாது என்றார். பத்து வீடு உள்ள சந்தில் ஒரு குழந்தையைத் தெரியவில்லையாம்! பார்த்தாயா, நான் எழுதியது எவ்வளவு சரி என்று மனசுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

சந்து முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வழியை மறித்தார்.

“யாரும்மா நீ? அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு ஒனக்கு?”

ஆபீசிலிருந்து வருகிறேன் என்றேன்.

“கார்டு கீதா? காட்டு.”

பையைத் துழாவினேன். கார்டு அலுவலக மேஜையிலேயே கிடந்தது. இப்போது பம்படிப் பெண்ணும் கடைக்காரரும் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். எத்தனையோ வீடுகளில் கேள்வி கேட்டவள், அன்றைக்கு என் பெயரையும் அலுவலகத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். இஸ்திரி அம்மாள் சித்திக்குப் போன் போட்டு, என் கண்ணாடி, புடவை, பை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வர்ணித்தார். ஆமாம், அந்த மேடம்தான் என்று சித்தி சொன்ன பிறகுதான், வண்டியில் தொங்கிய போர்வையை விலக்கினார்.

அதற்குப் பின்னால் நீல நாற்காலியில் உட்கார்ந்து சிறுமி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைப் பாவாடையால் துடைத்து, “ஒக்காருங்க மேடம்” என்றாள்.

நாற்காலி இஸ்திரி அம்மாளுடையது. சந்தில் எந்த வீட்டுக்கு அதிகாரி வந்தாலும் இதுதான் போகும். “ஒண்ணுமில்லாத வூடுன்னு எழுதி, புள்ளயத் தூக்கினு போயிடுவீங்கோன்னு அது சித்தி பயந்துகினு இருந்துச்சு மேடம்” என்றார். பள்ளி விட்டதும் சிறுமி இவரிடம். நாலரை மணிக்குப் பம்படிப் பெண் வீட்டில் சாப்பாடு. இருட்டினால் கடை வாசல் விளக்கடியில், சித்தி வரும் வரை. சித்தி சொன்னது உண்மைதான். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

பழைய பரிந்துரையைக் கிழித்துப் போட்டேன். ‘பகலில் பொறுப்பாளர்’ என்று படிவத்தில் விட்டிருந்த ஒரே வரியில் எழுத இடம் போதாமல் தனித்தாள் இணைத்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டதும் மூன்று பேர் குழந்தையை மறைத்தார்கள் என்பதையும், அந்த ஒருத்தி நான்தான் என்பதையும் எழுதினேன். சிறுமி சித்தியோடு இருக்கட்டும், உதவி கொடுப்போம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று குழு முடிவு செய்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போனேன். நான் சந்துக்குள் நுழைவதற்குள் நாற்காலி வீட்டுக்கு வந்துவிடும். அடுப்புக்கரி வாசனையும் இஸ்திரி போட்ட துணியின் சூடும் கலந்த அந்தச் சாயங்காலங்கள் இன்னும் என் மூக்கிலேயே நிற்கின்றன. நான் கடைசியாகப் போனபோது இரண்டாவது காலுக்கும் கம்பி கட்டியிருந்தார்கள். இப்போது அந்தச் சந்து இல்லை, வீடுகளை எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் போனாலும், வளர்ந்து நர்சிங் படிக்கும் அந்தச் சிறுமிக்கு இஸ்திரி அம்மாள்தான் இன்றும் வாரம் தவறாமல் போன் செய்கிறாராம்.

ஒரு குழந்தைக்கு என்ன இல்லை என்று எழுத எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அந்தச் சந்துதான் கற்றுக்கொடுத்தது. இன்றைக்கும் எந்த வீட்டில் எனக்கு நாற்காலி போட்டாலும், பேனாவைத் திறப்பதற்கு முன்னால், “இது யார் வீட்டு நாற்காலி?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.