சம்பந்தி வண்டியில் சார்ஜ் ஏறவில்லை

கார் வயரிங் வேலையில் ஷாக் அடித்துச் செத்தவன் கிடையாது. சொந்தக்காரன் வண்டியைத் தொட்டுப் பாதி செத்தவர்கள் உண்டு, நானும் ஒருத்தன்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு ஷெட். கூப்பிட்டால் வீட்டுக்கும் போவேன். வண்டிக்காரன் எவனும் நடந்ததை நடந்தபடி சொல்ல மாட்டான். நாலு திட்டு திட்டினால் சொல்வான். மீட்டர் பிடிக்கிற கை எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் பெண் கொடுத்த வீட்டில் எப்படித் திட்டுவது?

என் மகள் மலர் வெள்ளிமலையில் டீச்சர். வாழ்க்கைப்பட்டது கச்சிராயபாளையத்தில். மருமகனுக்கு வெளியூர் வேலை. காலை பஸ் மலையேறிச் சேர்வதற்குள் பள்ளியில் பிரேயர் முடிந்துவிடும். அதனால் மாமனாருடைய பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவாள். அந்தக் கார் சாயங்காலத்தில் ஸ்டார்ட் ஆகாமல் மலையிலேயே நிற்க ஆரம்பித்தது. பேட்டரி புதுசு. அப்படியானால் ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். ஏன் ஏறவில்லை? இனி என் பாட்டைக் கேளுங்கள்.

சிவப்பு விளக்கு

வருகிறேன் என்று போன் பண்ணிவிட்டுப் போனேன். வாசலிலேயே சம்பந்தி கைகூப்பினார். கரும்பு வெள்ளாமைக்காரர், தங்கமான மனுஷன், அதுதான் கஷ்டமே. உட்கார வைத்து முறுக்கு, காபி, மறுபடி முறுக்கு. ஒருவழியாக பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்தால், இருக்கவேண்டிய பதினாலு வோல்ட் காட்டுகிறது. லைட்டைப் போட்டேன், ஃபேனைப் போட்டேன். இறங்கவில்லை. பெல்ட் இழுவை சரி. ஒயர் சரி. டைனமோ சரி.

வேறு ஆளாக இருந்தால், "இன்னாய்யா பண்ண வண்டிய?" என்று கேட்டிருப்பேன். இவரிடம், "ஏதாச்சும் கைவெச்சீங்களா சம்மந்தி?" என்றேன். வாய்க்குள் வெல்லம் அடைத்த மாதிரி இருந்தது. அவர் டேஷ்போர்டில், சார்ஜ் ஏறாவிட்டால் எரிகிற விளக்கைக் காட்டினார். மருமகள் வேலைக்குப் போவது அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. நிறுத்த ஒரு காரணம் கிடைக்காமல்தான் இருந்தார்கள்.

"செவப்பு லைட்டு எரியலையே, வண்டி மேல தப்பில்ல சம்மந்தி. தெனம் மலை ஏறி எறங்குனா எந்த வண்டி தாங்கும்? உங்க பொண்ணு வேலைய வுட்டுட்டா வண்டி தானா சரியாயிடும்."

பாட்டுப் பெட்டி

அடுத்த வாரமே நின்றது. மறுபடி போன், மறுபடி முறுக்கு, மறுபடி பதினாலு வோல்ட். நான் குனிந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டைனமோ நல்லா கீதான்னு நான் காட்டறன் பாருங்க" என்று சம்பந்தி மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டார். இந்த வைத்தியத்தை எந்தப் பாவி கண்டுபிடித்தானோ, நம் ஜில்லாவில் டீக்கடைக்கு டீக்கடை ஒருத்தன் தெரிந்து வைத்திருக்கிறான்.

என்ஜின் நிற்கவில்லை, அவர் கணக்கில் டைனமோ நல்லது. ரேடியோவிலிருந்து புகை வந்தது. டைனமோவை ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால், நேற்றுவரை நன்றாக இருந்த டயோடு ஒன்று போயிருந்தது. இருந்த கோளாறையே காணோம், இதில் புதுசாக ஒன்று. மாற்றிக் கொண்டுபோய் மாட்டினேன். பல்லைக் கடித்தபடி நின்ற என்னை அவர்தான் தேற்றினார்.

"பாட்டுப் பொட்டிதான சம்மந்தி போச்சி, வுடுங்க. டீச்சருக்கு எதுக்குப் பாட்டு?"

வெள்ளிமலையிலிருந்து போன்

டைனமோவை மாட்டிக் கொடுத்த அடுத்த திங்கட்கிழமை, மாலையில் மலர் கூப்பிட்டாள். வண்டி பள்ளிக்கூட வாசலில் நிற்கிறதாம். திங்கட்கிழமைதான் அநேகமாக நிற்கிறது என்றாள். நான் வந்து பார்க்கும்போது மட்டும் எப்படி ஒழுங்காக இருக்கிறது என்று நான் கேட்டேன். அதை என்னிடம் கேட்டால், என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு வாட்டி மலைல நின்னுச்சின்னா வேலைக்கே போவ வேணாம்னு மாமா சொல்லிட்டாருப்பா" என்றாள்.

படித்து, பரீட்சை எழுதி, தோற்று, மறுபடி எழுதி வாங்கிய வேலை. ஒரு ஒயருக்குள் போய் மாட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு அந்த ஒயர் எது என்று தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் அப்பன்மார் சாமைக் கொல்லையிலிருந்து வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் மூச்சு வாங்கப் பேசியது போனில் கேட்டது.

"பசங்களுக்குப் பாடம், எங்களுக்குத் தள்ளு. டீச்சரு ஊருக்கே வேல குடுக்கறாங்க."

சொல்லாமல் போனது

பெண் கொடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. போனால் ஏதோ கெட்ட சேதி என்று பயந்துவிடுவார்கள். நான் போனேன். சனிக்கிழமை காலை. நினைத்தபடியே சம்பந்தியம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கு இன்னா ஆச்சிங்க?" என்றார். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, உட்காராமல், தண்ணீர்கூட வாங்காமல் பானெட்டைத் தூக்கினேன். இதுவும் வழக்கமில்லை.

என்ஜினை ஓடவிட்டு, ஒயர் கிளிப்பில் மீட்டரை வைத்தேன். பதினாலரை. கிளிப் கவ்வியிருக்கிற பேட்டரியின் ஈய முனையில் வைத்தேன். பன்னிரண்டு. டைனமோ கொடுக்கிறது கிளிப் வரைக்கும் வருகிறது, பேட்டரிக்குள் போகவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் கிளிப்பைக் கழற்றினேன். உள்ளே சந்தனம். சுவருக்குப் பூசினது போலக் காய்ந்து, மேலே குங்குமம் வேறு.

சம்பந்தியை விசாரித்தேன். வண்டிக்கு உயிர் பேட்டரிதானே, அதனால் வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் மருமகள் வந்து வண்டியை நிறுத்தியதும், அந்த முனைக்குச் சந்தனம் வைத்துக் கிளிப்பை மாட்டிவிடுவாராம். சனி, ஞாயிறில் அது காய்ந்து இறுகும். திங்கள் காலை எப்படியோ கிளம்பும், மலையில் போய் மக்கர் பண்ணும். இவ்வளவு நாள் எனக்கு ஏன் அகப்படவில்லை? நான் வருகிறேன் என்று போன் பண்ணினதுமே, சம்பந்தி வருகிறாரே என்று மண்ணெண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து, முறுக்கி வைத்துவிடுவார். ஏன் துடைத்தீர்கள் என்று கேட்டதற்கு அவருக்கே ஆச்சரியம்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்து மேல மீட்டர வெக்க உங்களுக்கு மனசு வருமா சம்மந்தி? உங்களுக்கு சங்கடம் வேணாமேன்னுதான் தொடச்சன்."

ஓடின வண்டி

சந்தனப் பொட்டைப் பேட்டரியின் மேல் மூடியில் வையுங்கள், முனையில் வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னேன். பக்குவம் என் ஜாதகத்திலேயே இல்லை, மகளுக்காக வரவழைத்தேன். தாராளமாக ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. மழையில் ஏறியது, லைட்டைப் போட்டுக்கொண்டு இறங்கியது. மலர் போனில் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. வேலையை விடச் சொல்ல அந்த வீட்டில் இனி காரணம் இல்லை என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது சம்பந்தி போன் பண்ணினார். நான் கைவைத்த பிறகு வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டதாம். சங்கராபுரத்துக்காரர் ஒருவர் ஓட்டிப் பார்த்து அங்கேயே விலை பேசி முடித்துவிட்டாராம். ஓடாத வண்டியை எவன் வாங்குவான், எல்லாம் உங்கள் கைராசி என்று நன்றி சொன்னார். நிஜமாகவே நன்றிதான் சொன்னார். இப்போது மலர் பஸ்ஸில் போகிறாள். தினமும் பிரேயர் முடிந்த பிறகு வாசலில் நின்று ஹெட்மாஸ்டரிடம் காரணம் சொல்கிறாள். இப்படி எத்தனை நாளைக்கு விடுவார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவள் என்னிடம் கோபப்படவில்லை.

"நீ பாக்காமயே வுட்டிருக்கலாம்ப்பா. நின்னு நின்னாவது வண்டின்னு ஒண்ணு இருந்திருக்கும்."

இப்போதெல்லாம் எந்த வீட்டில் பானெட்டைத் திறந்தாலும், ஓடினால் வைத்துக்கொள்வீர்களா இல்லை விற்றுவிடுவீர்களா என்று கேட்ட பிறகுதான் மீட்டரைக் கையில் எடுக்கிறேன்.