புத்தூர் பட்டறையில் ஆடிய பிளேடு

ஒருநாள் காலை ஏழு மணிக்குள் புத்தூரிலிருந்து எனக்கு ஐந்து அழைப்புகளும் இரண்டு வீடியோக்களும் வந்துவிட்டன. அனுப்பியவர் மரப் பட்டறை வைத்திருக்கும் ஜெயராமன். ரம்ப மெஷின் ஓடும்போது பிளேடு இடமும் வலமுமாக ஆடுகிறது, அறுத்த பலகையெல்லாம் கோடு கோடாகத் தழும்பு என்றார். வீடியோவைப் பார்த்துக் கோளாறு சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. மர மெஷின் சர்வீஸில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெட்டியில் பதினான்கு சாமான்களும் இருக்கின்றனவா என்று இரண்டு முறை எண்ணிவிட்டு ரேணிகுண்டாவில் ரயில் ஏறினேன். ரயில் இருபத்திரண்டு நிமிடம் தாமதம்.

பட்டறையில் நான் உட்காரும் முன்பே ஜெயராமன் ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு பிளேடு மாத்தியாச்சு சார், அதே ஆட்டம். இவன் ஆணியோட கட்டைய உட்டு ஷாஃப்ட்ட வளைச்சிட்டான். இப்ப ஒன்னும் தெரியாதவன் மாதிரி நின்னுக்கினு இருக்கான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நாளையிலேர்ந்து இவன் வர வேணாம்."

'இவன்' என்றது மெஷின் ஓட்டும் முனிரத்தினத்தை. பதினோரு வருடமாக அங்கே வேலை செய்கிறவர்.

"ஆணி கீணி இல்ல சார். கட்டைக்குக் காந்தம் வெச்சுப் பாத்துட்டுதான் தள்ளுவேன்."

"ஆமா, பெரிய காந்தம்! டீக்கடை இழுக்கற இழுப்புல உன் காந்தம் எங்க நிக்குது?"

நான் மெயின் ஸ்விட்சை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் ஊசியை பிளேடின் பல்லுக்குச் சற்றுக் கீழே வைத்து, கையால் பிளேடை மெல்லச் சுற்றினேன். 0.45 மில்லிமீட்டர் ஆட்டம். மிக அதிகம். அதிகமாகத் தள்ளிய இடத்தை மார்க்கரால் பிளேடிலும், அதன் பின்னால் ஷாஃப்ட் தண்டோடு சுற்றும் ஃப்ளாஞ்ச் தட்டின் விளிம்பிலும் குறித்தேன். நட்டைத் தளர்த்தி, பிளேடை முழுதாகக் கழற்றாமல் அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கி அளந்தேன். பிளேடு கோணலாக இருந்தால் மேடு பிளேடோடு நகர வேண்டும். அது ஃப்ளாஞ்சின் குறியிலேயே நின்றது.

"பிளேடு நல்லா இருக்குது. கோளாறு ஷாஃப்ட் பக்கம்தான்" என்றேன்.

அப்போது மணி பதினொன்று இருபது.

"கேட்டுக்கினியா?" என்றார் ஜெயராமன். முனிரத்தினம் சுவரில் மாட்டியிருந்த தன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் அளக்கல, இருங்க" என்று சொல்லி பிளேடை வெளியே எடுத்தேன். வெற்று ஷாஃப்ட்டில் ஊசி வைத்தேன். 0.02. மூன்று முறை சுற்றினேன், மூன்று முறையும் அதேதான். ஷாஃப்ட் வளையவே இல்லை. அடுத்து ஃப்ளாஞ்சின் முகத்தில் வைத்துச் சுற்றினேன். ஓரிடத்தில் மட்டும் ஊசி 0.12 துள்ளியது. அங்கே வட்டமாக ஒரு கறை. மரப்பிசின் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாக உதிர்ந்தது, நடுவில் சிவப்பு. மோந்து பார்த்தேன், சந்தனம்.

ஆயுத பூஜைக்குப் பிளேடைக் கழற்றிக் கழுவியபோது வைத்த பொட்டு. காய்ந்து இறுகி, மேலே தூள் படிந்து, காகிதக் கனத்துக்கு நின்றிருக்கிறது. ஃப்ளாஞ்சில் அந்தக் கனம் இருந்தால் பன்னிரண்டு அங்குல பிளேடின் விளிம்பில் அது மூன்றரை மடங்காகும்.

"யார் வெச்சது?" என்றேன்.

"நான்தான் சார், என் கையாலதான்" என்றார் ஜெயராமன். உடனே முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "ஏமய்யா, பிளேடு மாட்டறப்ப நீ பாக்கல?"

"பாத்தேன் மொதலாளி. பூஜைக்கப்புறம் மாட்டினதோட மூணு வாட்டியும் பாத்தேன். சாமிக்கு வெச்ச பொட்ட எப்படித் தொடைக்கறது?"

"தொடைச்சிருந்தா உன்ன நான் சும்மா உட்டிருக்க மாட்டேன்" என்று ஜெயராமனே ஒப்புக்கொண்டார்.

நான் ஈரத்துணியை நீட்டினேன். முனிரத்தினம் வாங்கவில்லை, முதலாளியைப் பார்த்தார். ஜெயராமன் துணியை வாங்கி, ஃப்ளாஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே துடைத்தார். பிளேடை மாட்டி அளந்தேன், 0.07. ஃபியூஸைப் போட்டு ஒரு பலகை அறுத்தோம். தழும்பு இல்லை.

"திருப்பதி ஹாஸ்டலுக்கு இன்னும் பதினாறு கதவு பாக்கி. நாளைக்கு முடிச்சிடலாமா?" என்று ஜெயராமன் பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னைக்கே நாலு ஆவும்" என்று சொல்லி முனிரத்தினம் சட்டையைத் திரும்பச் சுவரில் மாட்டினார்.

இளைய மெக்கானிக்குகளுக்குச் சொல்கிறேன். முதலில் பிளேடை முழுதாகக் கழற்றுங்கள். மாட்டும் முகங்களைத் துடையுங்கள், அதில் என்ன ஒட்டியிருந்தாலும். பிறகு ஷாஃப்ட், ஃப்ளாஞ்ச், பிளேடு என்ற வரிசையில் அளந்து பாருங்கள். நான் அன்று தலைகீழாகப் போனேன். அதைவிடப் பெரிய தப்பு, பாதி அளந்ததுமே வாயைத் திறந்தது. 'ஷாஃப்ட் பக்கம்' என்று நான் சொன்னதிலிருந்து சந்தனம் உதிரும் வரை ஒன்பது நிமிடம். பக்கத்திலேயே ஸ்டூல் இருந்தும், அந்த ஒன்பது நிமிடமும் முனிரத்தினம் தோளில் சட்டையோடு வாசலைப் பார்த்து நின்றிருந்தார்.