வேண்டாம் என்று சொன்ன குரல்

ஊர் ஊராகப் போய்ச் செபம் நடத்தும் உபதேசியார் அன்று கொண்டுவந்தது ஓர் அலுமினியத் தூக்குப் போசி. வாயைத் துண்டால் கட்டி, சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, வெயிலில் ஐந்து மைல் மிதித்து வந்திருந்தார். எங்கள் கன்னியர் மடத்தின் முன்னறையில் நானும், வாராவாரம் என்னிடம் வரும் தையலக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கதவு சாத்தியிருந்தால் மடத்துத் தலைவியான மதர்கூடத் தட்டமாட்டார். உபதேசியாரும் தட்டவில்லை. திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். அப்படி வந்தது சரியா என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தையலக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சிஸ்டர், பேரு மட்டும் வேணாம்" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நல்லம்பள்ளிப் பக்கம் இருந்த எங்கள் மடத்துப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. வயது முப்பத்து மூன்று. செபத்தில் தேடல் உள்ளவர்களுக்குத் துணையிருக்கும் வேலை குருக்களுக்கு மட்டும் உரியதல்ல, கன்னியரும் துறவு பூணாத பொதுநிலையினரும் அதற்குப் பயிற்சி பெறலாம் என்று அந்த ஆண்டு மேலிடத்தில் முடிவாயிற்று. அரூர் போகும் சாலையில் ஒரு தியான இல்லம் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஐந்து பேர் அங்கே கூடுவோம். வெளியூரிலிருந்து ஒரு ஃபாதர் வருவார். ஆன்ம வழிகாட்டிகளை உருவாக்குவதே அவருடைய பணி என்று சொன்னார்கள். எங்களுக்கு அவர் சொன்ன முதல் விதி எளிமையானது. "வழிகாட்டி நீங்க இல்ல. வழிகாட்டி கடவுள். நீங்க அந்த அறையில மூணாவது ஆள். புத்தி சொல்லாதீங்க, கேளுங்க."

எங்களைத் தேடி வருபவர்களோடு பேசியதை, அவர்களுடைய சம்மதத்தோடு, நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் நாம் சொன்னது, ஓரத்தில் நமக்குள் என்ன நடந்தது என்பது. நான் பி.எஸ்சி. படித்தவள், பக்கம் பக்கமாக எழுதினேன். உபதேசியார் எட்டாவது வரை படித்தவர். அவருடைய நோட்டில் வலப்பக்கம் முழுக்க ஒரே எழுத்துதான் இருந்தது: "ம்." சில இடங்களில் இரண்டு "ம்." ஃபாதர் அதை எல்லோருக்கும் காட்டி, "இவர் கேட்கிறார், பாருங்க" என்றார். எனக்கு அது உறைத்தது.

உபதேசியாருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கேழ்வரகும் நிலக்கடலையும் விதைப்பார். ஃபாதர் எட்டிப் பார்க்க முடியாத ஊர்களில் ஞாயிறு செபம் நடத்துவது, சாவுக்குப் போய் நிற்பது, பிள்ளைகளுக்குச் செப மந்திரங்கள் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்தான். வீட்டில் தெலுங்கு பேசுவார். பயிற்சியில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்கு இணையாக அமைந்தது நான்.

என்னிடம் வந்தவர் தையலக்கா. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு தையல் மிஷின் போட்டு, எங்கள் பள்ளிக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர். நாற்பதை நெருங்கிய வயது. கணவர் லாரி டிரைவர். போனால் பதினைந்து இருபது நாள் வரமாட்டார். ஒரே மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். ஐப்பசி மழையில் ஒருநாள் சீருடைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சிஸ்டர், மிஷின நிறுத்துன ஒடனே ஒரு அமைதி வருதுங்க. அந்த அமைதிக்குள்ள யாரோ என்னைக் கூப்புடற மாதிரி இருக்குது. காதுல கேக்கறது இல்ல. ஆனா கூப்புடறாங்க. இத யாருகிட்டச் சொல்றது?"

அப்படித்தான் தொடங்கியது. வாரம் ஒருமுறை வந்தார். அவர் சொன்னவற்றைக் கேட்கும்போது எனக்கு மயிர் கூச்செறியும். பெரிய புனிதர்களின் செபத்தைப் பற்றி மடத்தில் சேர்ந்த புதிதில், நவதுறவுப் பயிற்சியில் நாங்கள் படித்ததையெல்லாம், புத்தகமே பார்த்திராத இந்த அம்மா சீருடைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் நேரத்தில் அடைந்துவிட்டிருந்தார். நான் கேட்டேன். எழுதினேன். அடுத்த செவ்வாய் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியபின் அந்தக் குரல் முதல்முறையாக ஒரு வார்த்தை சொன்னது. தட்டின் முன் உட்கார்ந்தபோது, "வேணாம்." அவ்வளவுதான். தையலக்கா எழுந்துவிட்டார். முதலில் இராச்சோறு நின்றது. பிறகு மதியச் சோறும் நின்றது.

"அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று, பயிற்சியில் கற்றுக்கொண்டபடி கேட்டேன்.

"லேசா இருந்துச்சுங்க. ஒடம்பே இல்லாத மாதிரி."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஓரத்தில் "சமாதானம்" என்று குறித்தேன். அவர் தம் ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்ததைக் கவனித்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னும் உள்ளே தள்ளி இன்னொரு தையல் விழுந்திருந்ததையும் கவனித்தேன். அதை நான் எழுதவில்லை.

உபதேசியாரிடம் இதை வாசித்தபோது யார் என்று சொல்லவில்லை. ஆனால் அதியமான்கோட்டையும் அவர் செபம் நடத்தும் ஊர்தான். தையலக்காவே தாம் என்னிடம் வருவதை அவரிடம் சொல்லியிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு உபதேசியார் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாப்புட்டாங்களா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "நாம கேக்க வேண்டியது அது இல்லீங்க உபதேசியாரே. அந்தக் குரல் அவங்கள எங்க கூட்டிட்டுப் போவுதுன்னுதான் பாக்கணும். நடுவுல நாம கை வைக்கக் கூடாது."

"ம்" என்றார்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலைதான் அவர் போசியோடு உள்ளே வந்தார். மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு கைகழுவினார். கொண்டுவந்த தட்டில் களி உருண்டையை வைத்து, நடுவில் குழி பண்ணி, மொச்சைக் குழம்பை ஊற்றித் தையலக்காவின் மடிக்கு நேரே நீட்டினார்.

"சாப்புடும்மா."

"வேணாம்னு சொல்லுதுங்க."

"அது சொல்லட்டும். நீ சாப்புடு. தப்புன்னா அந்தப் பாவம் என்னுது."

தையலக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கேள்வியா, காப்பாற்றும்படிக் கேட்டதா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். தையலக்கா தட்டை வாங்கினார். ஒரு வாய் கிள்ளி, குழம்பில் தொட்டு விழுங்கினார். பிறகு இன்னொன்று. உபதேசியார் ஜன்னலோரம் போய் வெளியே பார்த்தபடி நின்றுகொண்டார். தட்டுக் காலியானதும் அவரே எடுத்துக் கழுவி, போசியைத் துண்டில் கட்டி, "வரேங்க சிஸ்டர்" என்று போய்விட்டார். கையைக் கழுவிக்கொண்டு தையலக்காவும் பஸ் ஏறப் போனார்.

அந்த மாதக் கூட்டத்தில் நான் எட்டுப் பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். தையலக்காவின் பெயரை எழுதவில்லை. உபதேசியார் பெயரை எழுதினேன். புத்தி சொன்னது மட்டுமில்லை, இன்னொருவரின் அறைக்குள் புகுந்தது, பாவத்தையே தன் கணக்கில் வாங்கிக்கொள்ள முடியும் என்று பேசியது. ஒவ்வொன்றாக வாசித்தேன். ஃபாதர் உபதேசியார் பக்கம் திரும்பினார்.

"ஏன் செஞ்சீங்க?"

"பசிச்சிருந்துச்சுங்க சாமி."

"அவங்க சொன்னாங்களா?"

"இல்லீங்க. பாத்தாத் தெரிஞ்சுதுங்க."

ஃபாதர் உபதேசியாரைக் கண்டிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், வாராவாரம் அவங்க மெலியறதப் பார்த்தீங்களே, அப்போ உங்களுக்குள்ள என்ன நடந்தது?"

"கடவுள் கையில ஒப்படைச்சேன், ஃபாதர்."

அவர் தலையசைக்கவில்லை. காத்திருந்தார். வெளியே சேலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. என் வாயிலிருந்து வந்ததை நானே அப்போதுதான் கேட்டேன்.

"அடுத்த தடவை அந்தக் குரல் என்ன சொல்லும்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு ஃபாதர். அவங்க சாப்பிட்டா அது நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு. மடத்துக்கு வந்து பதினாலு வருஷம் ஆகுது. என்னை யாரும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல."

யார் செய்தது சரி என்று ஃபாதர் சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. "இதைச் சொல்ல ஒரு இடம் வேணும்னுதான் இந்தக் கூட்டம். உங்க பசியை இங்க கொண்டு வாங்க சிஸ்டர். அவங்ககிட்டக் கொண்டு போகாதீங்க" என்றார். பிறகு என்னைத் தருமபுரிக்குப் போய்த் தையலக்காவை ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னார். அது அத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த மாதம் உபதேசியார் கூட்டத்துக்கு வரவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவராகவே நின்றுவிட்டார். நான் எழுதிய எட்டுப் பக்கம்தான் காரணம் என்று நினைத்து, ஒரு மாலை அவரைத் தேடி அவருடைய மானாவாரிக் காட்டுக்கே போனேன். கோடை உழவு போட்ட நிலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"எனக்கு அந்த வேல வராதுங்க சிஸ்டர். காது கேக்குது, கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"நீங்க செஞ்சதுதான் சரின்னு இப்பத் தோணுதுங்க."

அவர் நிமிர்ந்தார். நான் எதிர்பார்த்த நிம்மதி அந்த முகத்தில் இல்லை.

"அப்படிச் சொல்லாதீங்க. அது நெசமாலுமே ஆண்டவர் குரலா இருந்தா? நாப்பது நாள்தான கேட்டாரு, அதுக்குள்ள நான் போயி நிறுத்திட்டனோ? அன்னையிலிருந்து எனக்குக் களி எறங்க மாட்டேங்குது சிஸ்டர்."

பாவத்தைத் தன்மேல் போட்டுக்கொள்வதாக அன்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை என்று புரிந்தது. அவரிடம் சாப்பிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மனைவி அதைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகும் உபதேசியார் ஊர் ஊராகப் போனார், செபம் நடத்தினார். பயிற்சி பெற்ற எங்கள் நால்வரைத் தேடி வந்தவர்களைவிட, பயிற்சியை விட்ட அவரைத் தேடிப் போனவர்கள் அதிகம். அவர் இறந்தபோது நான் வேறு மாவட்டத்தில் இருந்தேன். செய்தி மூன்றாம் நாள்தான் வந்தது.

இப்போது வழித்துணை இருப்பவர்களுக்குத் துணையிருப்பது என் வேலை. இளம் சிஸ்டர்களும் குடும்பஸ்தர்களும் லேப்டாப்பில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். எப்போது பேசாமல் இருக்க வேண்டும், எப்போது கை வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒருவர் சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் டாக்டர், பிறகுதான் நாம் என்று உடனே சொல்லிவிடுகிறேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றதில் எல்லாம் இருக்கிறது. உபதேசியார் நிறுத்தியது நோயையா, அழைப்பையா? இரண்டும் ஒரே தட்டில் இருந்திருக்க முடியாதா?

போன வருடம் அதியமான்கோட்டை வழியாகப் போனபோது இறங்கித் தையலக்காவைப் பார்த்தேன். சாலை அகலமாகிக் கடை உள்ளே தள்ளிப் போயிருக்கிறது. எழுபதைத் தாண்டிவிட்டார்; மகளும் வந்து கூடவே இருக்கிறார். ஒரு பாவாடையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்குச் சாப்புட்டதுல இருந்து அந்தக் குரல் வரவே இல்லீங்க சிஸ்டர். சாமி கோவிச்சுக்கிச்சா, இல்ல நான் சாப்புட்டாப் போதும்னுதான் இருந்துச்சா? நீங்க எத்தன பேருக்கு வழி சொல்றவங்க. ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியலீங்க அக்கா. அன்னைக்கும் தெரியல."

கத்தரி நின்றது. "எனக்கு மட்டுந்தான் தெரியலன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தனே" என்றார்.

அத்தனை வருடமும் அவரை அந்தக் குழப்பத்தில் தனியாக விட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குரலுக்காக நான் காத்திருந்ததை, ரவிக்கைத் தையலைப் பார்த்தும் எழுதாமல் விட்டதை, அவருக்கு வந்த அழைப்பின் மேல் நான் பட்ட பொறாமையை. குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

"நீங்க கேட்டிருந்தா அந்தக் குரல ஒங்களுக்கே குடுத்திருப்பேனுங்க" என்றார்.